தராசு பேசாத திங்கட்கிழமை

அத்தியாயம் 9

"அண்ணே, நேத்து யாராவது இந்த கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

நிக்கோல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். காலை மணி ஒன்பது பத்து. பிறை தொழிற்பேட்டையில் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, கெல்வினின் சலவைக்கூடத்தில் அன்றைய முதல் சுற்றுத் துணி சுழலத் தொடங்கியிருந்தது.

"யாரு தொடுவா? நேத்து ஞாயித்துக்கிழமை," என்றான் கெல்வின். பாய்லரின் அழுத்தமானிக் கண்ணாடியை அவன் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே இரண்டு முறை துடைத்த கண்ணாடி.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திக்கிறீர்கள் என்றால், நிலவரம் இதுதான்.

ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகளை நம்பி ஓடிக்கொண்டிருந்த சலவைக்கூடம் இது. ஹோட்டல் மூடிவிட்டது. வேலை செய்கிற பதினொரு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் கெல்வின் நான்கு மாதமாகத் தாக்குப்பிடிக்கிறான். இந்த நேரத்தில்தான் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை புதிய சலவைக்கூடத்தைத் தேடியது. பழைய சலவைக்காரர் மூட்டைகளின் எடையைக் கையால் எழுதி வந்தார். நாற்பது கிலோ மூட்டை தாளில் ஏறும்போது நாற்பத்தாறாகிவிடும். அதனால் மருத்துவமனை ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. தராசு காட்டும் எடை நேராகக் கணினிக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு விரல்கூடப் படக்கூடாது.

அந்தச் செயலியை எழுதியவள் கெல்வினின் தங்கை நிக்கோல். பாயான் லெப்பாஸில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை அது அழகாக வேலை செய்தது. மூட்டையைத் தராசில் வைத்தார்கள். திரையில் எடை வந்தது. மூட்டையில் ஒட்டும் சீட்டு தானாக அச்சாகி வெளியே வந்தது.

இன்று பதினொரு மணிக்கு மருத்துவமனை அதிகாரியம்மா, புவான் நஜ்வா, நேரில் பார்க்க வருகிறார். இன்று தராசு பேசவில்லை.

செயலி திறந்தது. பொத்தான்கள், வார்டு பெயர்கள், மேலே பச்சைப் பட்டை, எல்லாம் இருந்தன. எடை வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு.

"எனக்கு என்னான்னு தெரியும்," என்றான் கெல்வின். "அம்மா வேலைலா."

"அம்மா என்ன செஞ்சாங்க?"

"நேத்து சர்ச்ல பூசை முடிஞ்சு நேரா இங்க வந்தாங்க. அன்னம்மா கோயில் தண்ணி ஒரு போத்தல் கையில. வாசல்ல தெளிச்சாங்க, மெஷின் மேல தெளிச்சாங்க, தராசு மேல தெளிச்சாங்க. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன்."

"தராசோட டிஸ்ப்ளேல எடை தெரியுதா?"

கெல்வின் ஒரு காலைத் தூக்கித் தராசில் வைத்து அழுத்தினான். தராசின் சிறு பெட்டியில் சிவப்பு எண்கள் துள்ளின. "தெரியுது."

"அப்ப தராசு நல்லா இருக்கு. அம்மா தண்ணிய விட்டுருங்க."

நிக்கோல் செயலியின் பின்பக்கப் பதிவைத் திறந்தாள். பயனர் பார்க்காத இடம் அது. செயலி தன் புகார்களை அங்கேதான் எழுதிவைக்கும். அங்கே நீண்ட புகார் ஒன்று இருந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: இந்தத் துண்டு 123 என்ற எண்ணுக்காகச் செய்யப்பட்டது. எனக்கு வேண்டியது 128.

அவள் நாற்காலியில் சாய்ந்து அண்ணனைப் பார்த்தாள். கெல்வின் அழுத்தமானியை நான்காவது முறையாகத் துடைக்கப் போனான்.

"அண்ணே. எலக்ட்ரானை மாத்துனீங்களா?"

கெல்வின் துடைக்கும் துணியை மடிக்கத் தொடங்கினான்.

"அண்ணே!"

"சர்வீஸ் பண்ணேன்," என்றான் கெல்வின் மெதுவாக.

சலவைக்கூடத்தில் ஆண்டுக்கொரு முறை பாய்லரைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் கெல்வினுக்கு ஒரு சடங்கு உண்டு. பழைய கேஸ்கெட், பழைய பெல்ட், பழைய ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிப் புதியது போடுவான். பதினான்கு வருடமாக அவன் பாய்லர் ஒரு முறைகூடச் சோதனையில் தோற்றதில்லை. நேற்று, நஜ்வா வருவதற்கு முந்தைய நாள், அதே கையோடு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஓர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். தங்கை எப்போதோ காட்டிக்கொடுத்த கறுப்புத் திரையைத் திறந்து, எலக்ட்ரானைக் கழற்றிப் புதியது போட்டுவிட்டான்.

"புதுசு போட்டா கெட்டுப்போகும்னு யாருக்குத் தெரியும்? நீயே சொல்லு, எந்த மெஷின்லயாவது அப்படி இருக்கா?"

நிக்கோலுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அவன் கேள்வியில் நியாயம் இருந்தது.

நாமும் அதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நிக்கோல் இந்தச் செயலியை இணையப் பக்கம் எழுதுகிற அதே மொழிகளில் எழுதினாள். எலக்ட்ரான் என்பது அந்தப் பக்கங்களை எடுத்து, உள்ளே ஓர் உலாவியையும் சேர்த்துக் கட்டி, மேசைக் கணினியில் தனிச் செயலியாக ஓடவிடும் சட்டகம். நாம் தினமும் திறக்கும் அரட்டைச் செயலிகள் பலவும் இப்படிக் கட்டப்பட்டவைதாம்.

ஆனால் இணையப் பக்கத்துக்குத் தராசு என்றால் என்னவென்று தெரியாது. தராசு தயாரித்த நிறுவனம் கொடுத்ததோ சி மொழியில் எழுதிய ஒரு நூலகம். ஆகவே இரண்டுக்கும் நடுவே நிக்கோல் சி++ மொழியில் ஒரு சிறிய இணைப்புத் துண்டு எழுதினாள். அதை அப்படியே ஓடவிட முடியாது. கம்பைலர் என்ற கருவி அதைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தர வேண்டும். அப்படி மாற்றும்போது, எந்தப் பதிப்பு எலக்ட்ரானோடு சேரப்போகிறதோ அதன் அளவுக்கே துண்டு உருவாகும்.

"நீங்க பாய்லருக்குக் குழாய் மாட்டுறீங்கல்ல? ரெண்டு குழாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மரை வேற வேற. அப்ப என்ன ஆகும்?"

"ஏறாது. பலமா திருகுனா பிச்சிக்கும்."

"அதான். நான் செஞ்ச துண்டு 123-ங்கிற மரைக்கு வெட்டுனது. நீங்க போட்ட புது எலக்ட்ரான் 128. பிச்சிக்கக் கூடாதுன்னுதான் அது எண்ணைப் பார்த்துட்டு மாட்டவே மாட்டேன்னு நிக்குது."

கெல்வினின் முகம் தெளிந்தது. பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது அவனுக்குத் தெரிந்த ஒரு பொருளாகிவிட்டது. "அப்ப பழையதைத் திருப்பிப் போடு."

"அதைத்தான் பார்க்கிறேன்."

பழைய எலக்ட்ரானை இறக்கக் கட்டளை கொடுத்தாள். நூறு மெகாபைட்டுக்கு மேல். நேற்று தொழிற்பேட்டை காலியாக இருந்தபோது இணையம் பறந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை, தகரக் கூரைக்குக் கீழே, சிம் போட்ட ரௌட்டரில் அது ஊர்ந்தது. ஐந்து நிமிடத்தில் நான்கு சதவீதம். பிறகு அறுந்தது. மறுபடி பூஜ்யம்.

துண்டை இங்கேயே புதிதாகக் கம்பைல் செய்யலாமா? அதற்குக் கம்பைலர் வேண்டும். அது இதைவிடப் பல மடங்கு பெரிய இறக்கம். கம்பைலர் இருப்பது நிக்கோலின் வீட்டுக் கணினியில். சுங்கை பினாங் அடுக்குமாடியில், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கத் தீவில். இந்த நேரத்துப் பாலத்தில் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம்.

ஆனால் கம்பைல் ஆன துண்டு எவ்வளவு பெரிது? இருநூறு கிலோபைட்கூட இல்லை. ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. வாட்ஸப்பில் ஒரு நொடியில் வந்துவிடும். அதைச் செய்து அனுப்ப வீட்டில் ஒரு கை இருந்தால் போதும்.

நிக்கோல் தொலைபேசியை எடுத்தாள்.

"யாருக்குப் போடுற?" என்றான் கெல்வின்.

"அம்மாவுக்கு."

"அம்மாவா? விளையாடாதலா."

அம்மா மார்த்தா வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை கழுவிவிட்டு மகளின் அறைக்குப் போய் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தராக இருந்தவர். அறுபத்து மூன்று வயதிலும் விசைப்பலகையைப் பார்க்காமல்தான் அடிப்பார்.

"கறுப்புத் திரை வந்துருச்சு. சொல்லு."

"முதல்ல 'சிடி', ஒரு ஸ்பேஸ், அப்புறம்..."

"நில்லு. இப்படித் துண்டு துண்டா சொல்லாத. முழு வரியையும் சொல்லு, எழுதிக்கிறேன். திருப்பிப் படிச்சுக் காட்டுறேன். சரின்னு சொன்னப்புறம்தான் அடிப்பேன்."

"அம்மா, நேரம் இல்லம்மா."

"நேரம் இல்லாதப்பதான் தப்பு வரும். சொல்லு."

நிக்கோல் சொன்னாள். மார்த்தா ஒவ்வொரு எழுத்தையும் இடைவெளியையும் திருப்பிப் படித்தார். ஒரு பிழையும் இல்லை. பிறகு விசைகளின் சத்தம், மழை பெய்வது போல. பின்னால் நின்று கேட்ட கெல்வின் புருவத்தை உயர்த்தினான்.

"என்னமோ ஓடுதும்மா. வரி வரியா ஓடுது. எல்லாத்தையும் எழுதிக்கவா?"

"வேணாம்மா, கடைசி வரி மட்டும் சொல்லுங்க."

"ஷார்ட்ஹேண்ட்ல எழுதிட்டேன்," என்றார் மார்த்தா. "முடிஞ்சிருச்சு. கடைசில 'ஓகே'ன்னு இருக்கு."

பத்து மணி இருபதுக்குக் கோப்பு வந்தது. நிக்கோல் செயலியை மூடினாள். திறந்திருக்கும்போது கோப்பை மாற்ற விண்டோஸ் விடாது. பழைய துண்டு இருந்த இடத்தில் புதியதைப் போட்டுவிட்டுச் செயலியைத் திறந்தாள்.

கோடு. அதே கோடு.

பதிவைத் திறந்தாள். புகார் மாறியிருந்தது. இந்தத் துண்டு 127-க்காகச் செய்யப்பட்டது. எனக்கு வேண்டியது 128.

"ஒண்ணுதானே குறையுது!" என்றான் கெல்வின். "நூத்தி இருபத்தேழு, நூத்தி இருபத்தெட்டு. தட்டி உள்ள விட முடியாதா?"

"பாய்லர்ல அப்படித்தான் தட்டி விடுவீங்களா?"

"சும்மா கேட்டேன்லா."

வெளியே ஒரு கார் வந்து நின்றது. கெல்வின் எட்டிப் பார்த்தான். தலையில் முக்காடு, மருத்துவமனை அடையாள அட்டை, கையில் கோப்பு. புவான் நஜ்வா. மணி பத்து முப்பத்தைந்துதான்.

"சீக்கிரமா வந்துட்டாங்க," என்றான். அவன் குரல் இறங்கியது. "நிக்கோல், ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த ஒயர்லெஸ் கீபோர்டு இருக்குல்ல? நான் ட்ரையர் பின்னாடி நிக்கிறேன். அங்கிருந்து பார்த்தா தராசு டிஸ்ப்ளே நல்லாத் தெரியும். அவங்க மூட்டையை வைக்கட்டும். நான் எடையைப் பார்த்து அடிக்கிறேன். திரையில வந்துரும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளைக்கு நீ சரி பண்ணிரு."

"கையால அடிச்ச எடை."

"சரியான எடைதானே அடிப்பேன்! நான் என்ன ஏமாத்தவா போறேன்?"

"அண்ணே, பழைய லாண்டரிக்காரரும் முதல் நாள் சரியான எடைதான் எழுதியிருப்பாரு."

கெல்வின் திரும்பினான். கண்ணாடிக்கு அப்பால் பதினொரு பெண்களில் இரண்டு பேர் ஈரப் போர்வை ஒன்றை இரு முனையிலும் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். நிக்கோலும் அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியும், அண்ணே. அதுக்காகத்தான் சொல்றேன். போங்க, அவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மலாயில் நேராகச் சொன்னாள்: "புவான், வெள்ளிக்கிழமை வேலை செஞ்சது. இப்ப தராசிலிருந்து எடை வரல. காரணம் தெரியும். சரி செஞ்சுக்கிட்டிருக்கேன்."

நஜ்வா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பதினொரு மணின்னு சொன்னேன். பதினொண்ணுக்கு இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல இருக்கு. நான் இருந்து பார்க்கலாமா?"

"தாராளமா."

நஜ்வா நாற்காலியைத் தானே இழுத்து, திரை தெரிகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். கெல்வினின் நெற்றியில் வேர்வை. அது பாய்லர் சூடு என்று அவன் சொல்லிக்கொண்டான்.

நிக்கோல் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். "அம்மா, வேலைக்கு ஆகல. எண் தப்பா வருது."

"யாரு பக்கத்துல? மூச்சு கேக்குது."

"மருத்துவமனையிலேர்ந்து புவான் நஜ்வா வந்திருக்காங்க."

"செலாமாட் பாகி, புவான்," என்றது தொலைபேசி, பள்ளி அலுவலகத்தின் முன்மேசைக் குரலில். நஜ்வா தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் வணக்கம் சொன்னார்.

"அம்மா, நீங்க எழுதி வச்சதைப் படிங்க. முதல் வரியிலேர்ந்து."

காகிதம் புரளும் சத்தம். மார்த்தா சுருக்கெழுத்தைப் பார்த்து நிதானமாக வாசித்தார். நான்காவது வரியில் வந்தது: "'யூசிங் நோட், இருபத்திரண்டு புள்ளி ஏழு.' அப்புறம் ஒரு கோடு. அப்புறம்..."

"போதும்மா!" நிக்கோல் நெற்றியில் அறைந்துகொண்டாள்.

அவள் வீட்டுக் கணினியில், நிரல்களை ஓடவிடும் நோட் என்ற மென்பொருள் தனியாக இருக்கிறது. எலக்ட்ரானுக்குள்ளேயும் ஒரு நோட் இருக்கிறது. பெயர் ஒன்று, மரை வேறு. அவள் அம்மாவுக்குச் சொன்ன கட்டளை, துண்டைத் தனியாக இருக்கும் நோட்டுக்கு வெட்டிவிட்டது. அதன் எண் 127. வீட்டில் அவள் எப்போதும் ஒரு பொத்தானை அழுத்துவாள்; அந்தப் பொத்தான் எலக்ட்ரானின் பெயரையும் பதிப்பையும் தானே சேர்த்துக்கொள்ளும். வாயால் சொன்னபோது இரண்டையும் விட்டுவிட்டாள்.

"தப்பு என்னுதும்மா. இப்ப புது வரி. 'என்பிஎக்ஸ்', ஸ்பேஸ், 'எலக்ட்ரான்', ஒரு சின்னக் கோடு, 'ரீபில்ட்', ஸ்பேஸ், கோடு 'எஃப்', ஸ்பேஸ், கோடு 'வி', ஸ்பேஸ், முப்பத்திரண்டு புள்ளி ஒன்று புள்ளி பூஜ்யம்."

"சின்ன வி-யா, பெரிய வி-யா?"

"சின்னது."

"கோடுக்கும் எழுத்துக்கும் நடுவுல இடம் உண்டா?"

"இல்லம்மா."

மார்த்தா முழு வரியையும் திருப்பிப் படித்தார். இந்த முறை நிக்கோல் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் கேட்டுவிட்டு, "சரி, அடிங்க," என்றாள்.

விசைகள் பெய்தன.

"முப்பத்திரண்டுங்கிறது என்ன?" என்றார் நஜ்வா.

"இந்தக் கம்ப்யூட்டர்ல இப்ப இருக்கிற எலக்ட்ரானோட பதிப்பு, புவான். வீட்டில இருக்கிறது முப்பது. அதனால துண்டை வெட்டுற கருவி கிட்ட, வீட்டில இருக்கிறதைப் பார்க்காத, இந்த அளவுக்கு வெட்டுன்னு சொல்லியாகணும். இப்ப அந்தக் கருவி இணையத்துக்குப் போய், முப்பத்திரண்டோட அளவுப் படங்களை, 'ஹெடர்ஸ்'னு சொல்வாங்க, அதை மட்டும் எடுத்துட்டு வரும். முழு எலக்ட்ரானும் வேணாம். மரைக்குப் படம் இருந்தா வெட்டிரலாமில்ல?"

கெல்வின் தலையை ஆட்டினான், தானே அதைக் கண்டுபிடித்தவன் போல.

"ஓடுதும்மா," என்றார் மார்த்தா. "'ஹெடர்ஸ்'னு ஒரு வரி. அதுல எலக்ட்ரான்னு பேர் வருது. முப்பத்திரண்டும் வருது."

"அதேதான்! அதுதான் வேணும்!"

"கத்தாத, காது வலிக்குது. நின்னுருச்சு. பச்சையில ஒரு சரிக்குறி. 'ரீபில்ட் கம்ப்ளீட்.'"

"அம்மா, முன்னாடி போன அதே ஃபோல்டர்..."

"திறந்துட்டேன். மணி பத்து நாற்பத்தாறுன்னு போட்டிருக்கிறதைத்தானே அனுப்பணும்? பழசு உன் ஃபோன்ல இருக்குமே, அதை எடுத்துப் போட்டுறாத. நான் இதுக்குப் பேர் பக்கத்துல ரெண்டுன்னு போட்டு அனுப்புறேன். நீ போடும்போது அந்த ரெண்டை எடுத்துரு."

கோப்பு வந்தது. நிக்கோல் செயலியை மூடி, பழைய துண்டை அழித்து, புதியதை வைத்து, பெயரைத் திருத்தினாள். கெல்வின் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ட்ரையர் ஒன்று சுற்று முடித்து மணி அடித்தது. யாரும் திரும்பவில்லை.

செயலி திறந்தது.

0.00 கிலோ.

கெல்வின் ஒரு நாளும் பூஜ்யத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "வந்துருச்சுலா!" என்று அவன் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்கு அப்பால் போர்வை கீழே விழுந்தது.

நஜ்வா எழுந்தார். "உங்க மூட்டை வேணாம்," என்றவர், காருக்குப் போய் முத்திரை பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் நிறுத்து எடுத்துவந்தது. கெல்வின் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். "தொடாதீங்க," என்று சொல்லி அவரே தராசில் வைத்தார்.

திரையில் 10.06 என்று வந்தது. சீட்டு அச்சாகி வெளியே நீண்டது. நஜ்வா தன் கோப்பைத் திறந்து உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"எங்க தராசிலும் பத்து புள்ளி பூஜ்யம் ஆறு. பை எடையோட."

மூட்டையை எடுத்து மறுபடி வைத்தார். 10.06. ஒரு மூலையில் வைத்தார். 10.06. பிறகு அவரே, யாரும் எதிர்பார்க்காதபடி, தராசின் விளிம்பில் காலை வைத்தார். எண் ஏறத் தொடங்கியதும் சட்டென்று இறங்கிவிட்டார். "இதை அச்சடிக்காதீங்க," என்றார். முதல் முறையாகச் சிரித்தார்.

கெல்வின் குடிக்கக் கோப்பி கொண்டுவரச் சொன்னான். நஜ்வா உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தார். ஆனால் பேனாவைத் திறக்கவில்லை.

"ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஓடினது திங்கட்கிழமை ஏன் நின்னுச்சு?"

நிக்கோல் அண்ணனைப் பார்க்கவில்லை. கெல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு அவனே சொன்னான்: "நான்தான், புவான். பாய்லர் மாதிரி நினைச்சு சர்வீஸ் பண்ணிட்டேன்."

"பாதி அவர் தப்பு, பாதி என் தப்பு," என்றாள் நிக்கோல். "இந்தத் துண்டை வேற விதமாவும் எழுதலாம், புவான். பதிப்பு மாறினாலும் மாறாத ஒரு பொது மரை இருக்கு. அதுக்கு எழுதிட்டா இந்த எண் சண்டையே வராது. அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன். இந்த வாரமே மாத்தி எழுதிடுவேன். செயலியை ஒரே பொட்டலமாக் கட்டியும் கொடுத்துருவேன். யாரும் உள்ள கை விட முடியாது."

"அது எனக்காகலா," என்றான் கெல்வின்.

"உங்களுக்கேதான், அண்ணே."

நஜ்வா பேனாவைத் திறந்தார். "பதினஞ்சாம் தேதியிலிருந்து ஒரு மாசம் சோதனை ஓட்டம். தினம் நாற்பது மூட்டை. நல்லாப் போனா ஒரு வருஷம்." அவர் படிவத்தின் கீழ்ப்பகுதியைத் தட்டினார். "இங்க ரெண்டு பேர் வேணும். இது நின்னுபோனா அந்தத் துண்டைத் திரும்பச் செய்யத் தெரிஞ்ச ரெண்டு பேர். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா இன்னொருத்தர். வார்டுல போர்வை இல்லாம நிக்க முடியாது. ஒரே ஒரு பேர்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கெல்வினின் முகம் விழுந்தது. ஆள் தேடி, பழக்கி, சம்பளம் பேசி... பதினைந்தாம் தேதிக்குள் நடக்கிற காரியமா?

நிக்கோல் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது கோட்டில், நிறுத்தாமல், மார்த்தா பாக்கியசாமி என்று எழுதினாள்.

நஜ்வா அந்தப் பெயரைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த தொலைபேசியைப் பார்த்தார். "அந்தக் குரலா?"

"அந்தக் குரல்தான். நீங்களே கேட்டீங்க, புவான். இன்னிக்கு இதைச் செஞ்சது அவங்கதான். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சதும் அவங்க எழுதி வச்ச குறிப்புதான்."

நஜ்வா யோசித்தார். கோப்பி வந்தது, அவர் தொடவில்லை. "எனக்குச் சம்மதம். ஆனா எங்க கணினிப் பிரிவுத் தலைவர் இர்வான் அறுபது வயசுக்கு மேல ஒருத்தரைக் கேள்வி கேக்காம விடமாட்டாரு. அவர் முன்னாடி உங்கம்மா இதே வேலையை ஒரு தடவை செஞ்சு காட்டட்டும். புதன்கிழமை காலை பத்து மணி. நாளைக்கு அவர் லீவு, வெள்ளிக்கிழமை வெளிநாடு போறாரு. வியாழக்கிழமை முழுக்க ஆடிட். அதனால புதனை விட்டா வேற நாள் கிடையாது."

"பொலே, புவான்! முடியும்! கண்டிப்பா வருவாங்க!" என்றான் கெல்வின். காலையில் அம்மாவின் தண்ணீர்ப் போத்தலைக் குறை சொன்னவன் அவன்தான்.

நஜ்வா எழுந்தார். அரிசி மூட்டையைக் கெல்வின் சுமந்துபோய்க் காரில் வைத்தான். இப்போது தொட அனுமதி இருந்தது. கார் வாசலைத் தாண்டும்வரை அண்ணனும் தங்கையும் கையசைத்தார்கள். பிறகு கெல்வின் தங்கையின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"அம்மா!" நிக்கோல் தொலைபேசியை எடுத்து, வீட்டுக்கு மறுபடி அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கத்தினாள். "கிடைச்சிருச்சும்மா! பதினஞ்சாம் தேதிலேர்ந்து! படிவத்துல உங்க பேரையும் எழுதியிருக்கேன்!"

"என் பேரா? என்ன உத்தியோகம்னு போட்ட?"

"பராமரிப்புப் பொறுப்பாளர்."

"ம். பேருக்கு முன்னாடி திருமதின்னு போட்டியா?" மார்த்தாவின் குரலில் சந்தோஷம் மறைக்க முடியாமல் வழிந்தது. "கெல்வின் கிட்ட சொல்லு, தராசு கெட்டது தண்ணியால இல்லன்னு."

"கேட்டுச்சும்மா," என்றான் கெல்வின்.

"அம்மா, ஒரே ஒரு சின்ன வேலை," என்றாள் நிக்கோல். "மருத்துவமனைக்குப் போய் அவங்க ஆளுங்க முன்னாடி இன்னொரு தடவை இதையே செஞ்சு காட்டணும். உங்களுக்கு அரை மணி நேர வேலை. புதன்கிழமை காலை பத்து மணி."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." சந்தோஷம் இருந்த இடத்தில் இப்போது வேறொரு குரல் இருந்தது. பள்ளி அலுவலகக் குரலும் அல்ல. நிக்கோல் இதுவரை கேட்டிராத குரல். "வியாழக்கிழமைன்னா வர்றேன். செவ்வாய்னாலும் வர்றேன். புதன்கிழமை நான் வர மாட்டேன். யார் கேட்டாலும் சரி."

"அம்மா, அவங்களுக்கு வேற நாளே இல்ல..."

"அப்ப என் பேரை அடிச்சுட்டு வேற யார் பேரையாவது எழுது," என்றார் மார்த்தா. இணைப்பு அறுந்தது.

நிக்கோல் தொலைபேசியைக் கையில் வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள்.

"புதன்கிழமைல அம்மா எங்க போறாங்க?"

கெல்வின் யோசித்தான். திங்கட்கிழமை சந்தை. வெள்ளிக்கிழமை நவநாள் செபம். ஞாயிறு பூசை. புதன்கிழமைகளில் அவன் காலையில் வீட்டுக்குப் போன் செய்தபோதெல்லாம் யாரும் எடுத்ததில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எனக்குத் தெரியாதுலா," என்றான். "இது எத்தனை வருஷமா நடக்குது?"